உழைத்த மாட்டின் கறி

(வாலாஜாபாத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலை வகுப்பில் நிகழ்த்திய உரை)



கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேச வேண்டிய வகுப்பில் மாட்டுக்கறியைப் பற்றிப் பேச வருகிறார்களே என்று சிலர் நினைக்கக்கூடும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் கூலி கடைசியில் போய்ச் சேருகிற இடம் எது? அடுப்பு. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன்னால் நின்றவனும், பொழுது சாயும் வரை குனிந்து நாற்று நட்டவளும், மறுநாள் காலையில் மீண்டும் எழுந்து வேலைக்குப் போக வேண்டுமானால் உடம்பில் பலம் ஊற வேண்டும். அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது, அதை யார் தடுக்கிறார்கள், கையில் கிடைத்ததை எப்படிச் சேதமில்லாமல் பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்வதும் தொழிலாளி வர்க்கத்தின் கல்வியில் ஒரு பாடம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தில் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், சாப்பிடாதவர்களும் இருக்கிறார்கள். சாப்பிடாத தோழரைச் சாப்பிடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சாப்பிடுகிற தோழரைச் சாப்பிடாதே என்று சொல்ல வேறு எவனுக்கும் அதிகாரம் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நியாயத்திலிருந்து பிறந்தவை. சாப்பாட்டு வேளையில் தூக்குச் சட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவன் மூக்கைச் சுளித்து எழுந்து போனால், மாலையில் வாயில் கூட்டத்தில் அவர்கள் இருவரும் ஒரே கோஷத்தை எழுப்ப முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

பட்டாளம் விட்டுப்போன சொல்

"பீஃப் ரோஸ்ட்" என்று ஓட்டல் பலகைகளில் பார்க்கிறோம். ரோஸ்ட் என்ற சொல் வெள்ளைக்காரனோடு வந்தது. நம்முடைய ஊருக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த வாலாஜாபாத், 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கம்பெனியின் பட்டாளம் தங்கிய ஊர். வெள்ளைச் சிப்பாய்களின் ரேஷனில் ரொட்டியோடு இறைச்சியும் சேர்ந்திருந்தது. துரைகளின் மேஜையில் பெரிய துண்டாக ரோஸ்ட் வந்து உட்கார்ந்தது. அந்த ரோஸ்டைச் சமைத்தவர்கள் யார்? சென்னை மாகாணத்தில் துரைமார் வீட்டு அடுப்படிகளில் வெந்துகொண்டிருந்தவர்களில் மிகப் பலர் சேரி மக்கள். ஊருக்குள் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களின் கைதான் துரையின் பெரிய விருந்தைப் பக்குவம் செய்தது.

அந்த ரோஸ்டின் முறை என்ன? மாட்டின் முதுகுப் பக்கத்திலிருந்தோ விலாவிலிருந்தோ இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பெரிய துண்டாக எடுத்து, தண்ணீர் சேர்க்காமல், நெருப்புக்கு முன்னாலோ மூடிய அடுப்புக்குள்ளோ வைத்து, வறண்ட சூட்டில் வாட்டுவது. மேலே பழுப்பு நிறமாக முறுகும், உள்ளே சிவப்பாகச் சாறோடு இருக்கும். இங்கிலீஷ் சமையல் புத்தகங்களும் இன்றைய கைபேசிப் படங்களும் இதைத்தான் காட்டுகின்றன. அதைப் பார்த்துவிட்டு நம் கடையில் வாங்கிய கறியை அப்படியே வாட்டினால் என்ன ஆகும்? செருப்புத் தோல் ஆகும்! பல்லும் வலிக்கும், பணமும் போகும்.

ஏன் அப்படி? சமைத்தவரின் கைக்குற்றமா? இல்லை. அங்கே அறுக்கப்படுவது கறிக்கென்றே கொழுக்க வளர்த்த, இரண்டு மூன்று வயதுக்குட்பட்ட இளம் மாடு. நமக்கு வருவதோ வேலை செய்து ஓய்ந்த மாடு. 1958ஆம் வருஷத்துத் தமிழ்நாடு பிராணிகள் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? பத்து வயதுக்கு மேற்பட்டு, உழைக்கவும் இனப்பெருக்கத்துக்கும் உதவாமல் போன மாடு, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகப் பயனற்றுப்போன மாடு என்று அதிகாரி சான்று கொடுத்தால்தான் அறுக்கலாம் என்கிறது. 1976இல் பசுவையும் கிடாரியையும் அறுக்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவும் வந்தது. ஆக, சட்டப்படி நம் சட்டிக்கு வருவது ஏர் இழுத்த காளை, வண்டி இழுத்த எருது, கறவை நின்ற எருமை. நம்மைப் போலவே ஒரு காலம் முழுவதும் உழைத்த உடம்பு அது. அந்த உடம்பைச் சமைக்கிற வித்தை துரையின் புத்தகத்தில் இல்லை. அது நம் தாய்மார்களின் கையில் இருக்கிறது. அந்த வித்தைக்குப் பின்னால் உள்ள விஞ்ஞானத்தைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

உழைத்த பாகமும் ஓய்ந்த பாகமும்

கறி என்பது தசை. தசை என்பது நார்நாராக ஓடுகிற இழைகள். நெசவாளித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாவு நூல் நீளவாக்கில் ஓடுவதுபோல் கறியில் இழை ஒரே திசையில் ஓடும். இந்த இழைக் கட்டுகளைச் சுற்றி வெள்ளை நிறத்தில் ஜவ்வு பின்னியிருக்கும். ஜவ்வில் உள்ள முக்கியமான சத்துக்குக் கொலாஜன் என்று பெயர். எந்தத் தசை அதிகமாக வேலை செய்கிறதோ அதில் ஜவ்வு அதிகம். மாட்டுக்கு வயது ஏற ஏற அந்த ஜவ்வு முறுக்கேறி உறுதியாகிவிடும்.

இப்போது சூட்டின் வேலையைப் பாருங்கள். கறியின் உள்சூடு 60, 65 டிகிரியைத் தாண்டும்போது தசை இழைகள் சுருங்கித் தம்மிடமிருந்த தண்ணீரை வெளியே பிழிந்துவிடும். அதனால் கறி விறைக்கிறது. ஆனால் 70 டிகிரிக்கு மேல், ஈரத்தோடு, நெடுநேரம் வைத்திருந்தால் கொலாஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஜெலட்டின் என்ற பசையாக மாறும். பாயா ஆறினால் தயிர்போல் உறைகிறதே, அது இந்த ஜெலட்டின்தான். கரைந்த பசை இழைகளுக்கிடையில் நின்று கறியை மெத்தென்று ஆக்கும். ஆகவே ஜவ்வு இல்லாத பாகத்தை நெடுநேரம் வேகவைத்தால் சக்கையாகும். ஜவ்வு நிறைந்த பாகத்தைச் சீக்கிரம் இறக்கினால் ரப்பராகும். அரை மணியில் வேகவில்லை என்று சிலர் கறியைக் கீழே கொட்டுகிறார்கள். அது கறியின் குற்றமல்ல, இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

இனி மாட்டின் தலையிலிருந்து வால் வரை போவோம்.

கழுத்து: நுகத்தடி தாங்கிய இடம். எருதின் உடம்பில் மிகக் கடினமான தசைகளில் இது ஒன்று. ஜவ்வும் மிகுதி. இதைத் துண்டாக வறுக்கக்கூடாது. குழம்புக்கும் கொத்துக்கறிக்கும் இதைவிடச் சுவையான பாகம் கிடையாது. விலையிலும் குறைத்துக் கேட்கலாம்.

திமில்: சீமை மாட்டுக்கு இது கிடையாது, நம் நாட்டு மாட்டுக்கு உண்டு. தசையும் கொழுப்பும் கலந்து கிடக்கும். இதன் அருமையைக் கண்ட வெள்ளைக்காரன் திமிலை உப்பில் ஊறப்போட்டுக் கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றினான். மெல்லிய தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வெந்தால் வாயில் கரையும்.

முன்சப்பை: முன்னங்காலின் மேற்பகுதி. மாடு நடக்கும்போதெல்லாம் வேலை செய்த தசை. ஜவ்வும் கறியும் சரிசமமாக இருப்பதால் நம் முறை ரோஸ்டுக்கு இதுதான் முதல் தரம். தனிக்கறியாகக் கேட்டு வாங்குங்கள்.

நெஞ்சு: முன்னங்கால்களுக்கிடையில் உள்ள பாகம். படுத்தாலும் எழுந்தாலும் உடம்பின் பாரத்தைத் தாங்குகிற இடம். இழை நீளமாகவும் கெட்டியாகவும் இருக்கும், மேலே கொழுப்பு படிந்திருக்கும். நின்று நிதானமாக வெந்தால் குழம்புக்கு நெய் விட்டதுபோல் மணம் தரும்.

விலா: எலும்போடு வாங்குவது. மேல் விலாக்கறி ஓரளவு மெது, அடிப்பக்கம் கடினம். எலும்போடு சேர்த்து வேகவைத்தால் சாற்றுக்குச் சுவை கூடும்.

முதுகு: முதுகெலும்பின் மேல் இருபுறமும் ஓடும் கறி. அதற்கு நேர் கீழே, எலும்பின் உட்பக்கத்தில், நீளமாக ஒளிந்திருக்கிறது ஓட்டல்காரர்கள் அண்டர்கட் என்று சொல்லும் பாகம். மாட்டின் உடம்பிலேயே மிகக் குறைவாக உழைத்த தசை இது. ஆகவே மிக மெதுவானதும் இதுதான். ஒரு மாட்டில் சில கிலோதான் தேறும். அதைப் பெரும்பாலும் ஓட்டல்கள் முன்கூட்டியே சொல்லி வைத்து எடுத்துப்போய்விடும். உழைக்காத பாகத்துக்கு அதிக விலை, உழைத்த பாகத்துக்குக் குறைந்த விலை! சந்தையின் சட்டம் மனிதனிடத்தில் எப்படியோ மாட்டினிடத்திலும் அப்படியே. ஆனால் நாக்கைக் கேட்டுப் பாருங்கள். சாறும் மணமும் உழைத்த பாகத்தில்தான் அதிகம்.

பின்தொடை: பெரிய தசை, கொழுப்பு குறைவு, எலும்பில்லாமல் கிடைக்கும். பார்வைக்கு அழகாக இருப்பதால் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். ஆனால் ஜவ்வு குறைவாகவும் இழை கெட்டியாகவும் இருப்பதால் சீக்கிரம் வறண்டுபோகும். மெல்லிய வில்லைகளாக நறுக்கி வறுக்க, உப்புக்கண்டம் போட, கட்டி வைத்து முழுத் துண்டாகச் சமைக்க இது ஏற்றது.

கால் நல்லி, வால், நாக்கு: மூன்றிலும் கொலாஜன் கொட்டிக் கிடக்கிறது. மூன்று மணி நேரமாவது வேண்டும். நாக்கை வேகவைத்துத் தோலை உரித்த பிறகே மசாலாவில் போட வேண்டும்.

ஈரல், குடல்: ஈரலை நெடுநேரம் வைத்தால் கல்லாகும், சிறு துண்டுகளாக்கிச் சில நிமிஷங்களில் முழுவதும் வேகச் செய்து இறக்க வேண்டும். குடலைச் சுண்ணாம்பு நீரிலோ வெந்நீரிலோ சுத்தம் செய்து நெடுநேரம் வேகவைக்க வேண்டும். ஒரே மாட்டில் இரண்டு நேர்மாறான சட்டங்கள்!

நம்முடைய ரோஸ்ட்

இனி செய்முறை. ஒரு கிலோ முன்சப்பைக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரற்கடை அளவில் துண்டு போடுங்கள். சிறிதாகப் போட்டால் வெந்து சுருங்கிக் காணாமல் போகும். இழையின் ஓட்டத்தைப் பார்த்து அதற்குக் குறுக்கே நறுக்க வேண்டும். இழையோடு நறுக்கினால் நீண்ட நூல் பல்லில் மாட்டும், குறுக்கே நறுக்கினால் அறுந்த நூல் உதிர்ந்துவிடும்.

உப்பு, மஞ்சள்தூள், இரண்டு கரண்டி இஞ்சி பூண்டு அரைத்த விழுது சேர்த்துப் பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். காலையில் அறுத்த கறி சில மணி நேரத்தில் விறைத்துக்கொள்ளும். குளிரில் ஒரு நாள் இருந்தால் அந்த விறைப்பு இளகும். ஆகவே குளிர்பெட்டி உள்ளவர்கள் பிசறிய கறியை இரவு முழுவதும் அதில் வைக்கலாம். இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், வேகும் நேரம் அதைச் சரிசெய்துவிடும். மிகவும் கிழட்டு மாடு என்று தோன்றினால் பச்சைப் பப்பாளிக் காயை ஒரு சிறு துண்டு அரைத்துச் சேர்க்கலாம். பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்ற பொருள் தசையை அறுக்கும். அதிகம் போட்டால் கறி கூழாகிவிடும்.

அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். திறந்த சட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. குக்கருக்குள் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். அதனால் கொலாஜன் சீக்கிரம் கரைகிறது. குக்கர் இல்லாத வீட்டில் மூடிய சட்டியில், சிறு தீயில், இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம் ஆகும். விறகுச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் தோழர்கள் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே சட்டியாக வைக்கலாம்!

கறியைக் கிள்ளினால் பிரிய வேண்டும். அதுதான் பதம். இப்போது இரும்புச் சட்டியில் எண்ணெய் காயவைத்து, சோம்பு, கறிவேப்பிலை, கால் கிலோ சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பல் பல்லாக நறுக்கிய தேங்காய் ஆகியவற்றை வதக்குங்கள். மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் சேர்த்து, வெந்த கறியை அதன் சாற்றோடு கொட்டுங்கள். சாறு சுண்டட்டும். தண்ணீர் இருக்கிற வரை கறி பழுக்காது. தண்ணீர் வற்றிச் சட்டியின் சூடு ஏறும்போதுதான் மேற்புறம் பழுத்து அந்த வறுவல் மணம் எழும்பும். கடைசியில் புதிதாகப் பொடித்த மிளகு ஒரு கரண்டி. கால் மணி நேரம் கிளறிக் கிளறி வறுங்கள்.

பார்த்தீர்களா? துரை முதலில் வறுத்தான், நாம் முதலில் வேகவைக்கிறோம். அவன் இளம் மாட்டுக்கு ஏற்ற முறையைக் கண்டான். நம் தாய்மார்கள் உழைத்த மாட்டுக்கு ஏற்ற முறையைக் கண்டார்கள். ஈரச் சூடு ஜவ்வைக் கரைக்கிறது, வறண்ட சூடு மணத்தைக் கொடுக்கிறது. இது விஞ்ஞானம் இல்லையென்றால் வேறு எது விஞ்ஞானம்?

முழுத் துண்டாகவே வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பெரம்பூர், போத்தனூர் போன்ற ரயில்வே ஊர்களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் செய்யும் சட்டி ரோஸ்ட் அது. ஒரு கிலோ தொடைக்கறியை ஒரே துண்டாக வாங்கி, சாயம் ஏறாத பருத்தி நூலால் நான்கைந்து இடத்தில் கட்டி, உப்பும் மிளகும் தேய்த்து இரவு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் கனமான சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு நாலா பக்கமும் பழுக்க வறுத்து, பிறகு ஒரு டம்ளர் தண்ணீர், வெங்காயம், பட்டை, கிராம்பு சேர்த்து மூடி, சிறு தீயில் மூன்று மணி நேரம் விட வேண்டும். அரை மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும், தண்ணீர் வற்றினால் சிறிது சேர்க்க வேண்டும். இறக்கியதும் வெட்டாதீர்கள். கால் மணி நேரம் ஆறவிட்டுக் குறுக்கே வில்லை போட்டால் சாறு கறியிலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இருந்தால் செய்யக்கூடிய வேலை இது. வார விடுமுறை என்ற உரிமையைத் தொழிலாளி போராடிப் பெற்றான் என்பதை அந்த மூன்று மணி நேரத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் ஆண் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த அடுப்பு வேலை முழுவதையும், வயலிலிருந்து திரும்பிய மனைவியின் தலையில் கட்டிவிட்டு, கறி வேகவில்லை என்று தட்டைத் தள்ளுவது எந்தப் பொதுவுடைமை? கறி வாங்கத் தெரிந்தவன் நறுக்கவும் தெரிந்துகொள்ளட்டும். துண்டு போடுவதும் வெங்காயம் உரிப்பதும் ஆண்மைக்குக் குறைவல்ல.

எதை வாங்கக்கூடாது?

கடையில் கறியைக் கண்ணால் பாருங்கள், மூக்கால் பாருங்கள், விரலால் அழுத்திப் பாருங்கள். புதுக் கறி ஈரமாக இருக்கும், பிசுபிசுக்காது. அழுத்திய பள்ளம் மேலெழும்பும். நிறம் கருஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், வயதான மாட்டுக்கு அது இயல்பு. எருமைக் கொழுப்பு வெள்ளையாகவும், மாட்டுக் கொழுப்பு மஞ்சளாகவும் இருக்கும். ஈரலை வெட்டிப் பார்த்து உள்ளே தட்டையான புழுவோ தடித்த குழாய்களோ இருந்தால் வாங்காதீர்கள். தசையில் அரிசிபோல் வெள்ளைக் கொப்புளம் இருந்தால் அது நாடாப்புழுவின் இளம்புழு அடங்கிய பை. அந்தக் கறி வேண்டாம். எந்தக் கறியானாலும் உள்ளே சிவப்பு மாறும் வரை வெந்தால்தான் நமக்குப் பத்திரம். துரை மேஜையின் சிவந்த கறி நமக்கு வேண்டாத நாகரிகம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செத்த மாட்டைத் தொடாதீர்கள். திடீரென்று மாடு செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்கவே கூடாது, தோலையும் உரிக்கக்கூடாது. அதன் கிருமி வித்துகள் சாதாரணமாகக் கொதிக்கவைத்தாலும் எளிதில் சாகாது. மண்ணிலும் பல வருஷம் கிடக்கும். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

செத்த மாட்டைத் தூக்குவதும், அதைத் தின்று உயிர் பிழைப்பதும் சேரி மக்கள் மேல் சுமத்தப்பட்ட கொடுமை. 1927இல் மகத் மாநாட்டில் டாக்டர் அம்பேத்கர் செத்த மாட்டு இறைச்சியை விட்டொழியுங்கள் என்று தம் மக்களுக்குச் சொன்னார். அதே அம்பேத்கர், தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1948இல் ஒரு நூலே எழுதினார். எவன் வீசியதையும் வாங்காதே என்பது சுயமரியாதை. என் கூலியில் நான் வாங்கியதை ஒளித்துத் தின்னமாட்டேன் என்பதும் அதே சுயமரியாதை. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் தொழிலாளர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் அந்த மாநிலத்தில் தலித் மக்கள் இனி செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்று மறுத்தபோது என்ன நடந்தது? சடலங்கள் கிடந்து நாறின. அந்த வேலையை யார் செய்துவந்தார்கள் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. வேலைநிறுத்தத்தின் வலிமை அது.

சட்டிக்குள் எட்டிப்பார்க்கும் கை

மாட்டுக்கறி விலை நம் பக்கத்தில் ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் கீழே. நூறு கிராம் பச்சைக் கறியில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. இரும்புச் சத்து 2 முதல் 3 மில்லிகிராம். கீரையில் உள்ள இரும்பைவிடக் கறியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக உறிஞ்சும். ரத்தம் ஊறத் தேவையான பி12 வைட்டமினும் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று சொல்கிறது. தினந்தோறும் தட்டு நிறையச் சிவப்புக் கறி தின்றால் கெடுதல் என்று மருத்துவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் வாரத்தில் ஒரு நாள் கால் கிலோவை நான்கு பேர் பகிர்ந்துகொள்கிற வீட்டுக்கு அந்த ஆபத்து எங்கே வரப்போகிறது? பருப்பும் கீரையும் முட்டையும் கறியும் எல்லாமே நம் சட்டிக்கு வர வேண்டும்.

ஏழையின் உணவு இது என்பதை 1958இல் குரேஷி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. பசுவதைத் தடையை ஏற்ற அந்தக் கோர்ட், பயனற்றுப்போன காளையையும் எருதையும் எருமையையும் அறுக்க முழுத் தடை போடுவது நியாயமல்ல என்றது. 2005இல் குஜராத் வழக்கில் காளை, எருது விஷயத்தில் அந்த நிலையை மாற்றிக்கொண்டது. 2017 மே மாதத்தில் மத்திய சர்க்கார், மாட்டுச் சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்கக்கூடாது, எருமையும் விற்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. மே 30ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11இல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

அந்த விதி நின்றிருந்தால் முதலில் அடிபட்டிருப்பவன் யார்? கறி தின்பவன் மட்டுமா? ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி, கிழட்டு மாட்டை விற்ற பணத்தில்தான் புதுக் கன்று வாங்குகிறான். விற்க வழியில்லையென்றால் பயனற்ற மாட்டுக்குத் தீனி போடுவானா, பிள்ளைக்குச் சோறு போடுவானா? தோல் இல்லையென்றால் பாலாற்றங்கரை நெடுகிலும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளிக்கு வேலை ஏது? விவசாயி, கசாப்புத் தொழிலாளி, தோல் தொழிலாளி, நம் வீட்டுச் சட்டி ஆகிய நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை.

சட்டத்தின் கை எட்டாத இடத்தில் தடியின் கை நீளுகிறது. 2015 செப்டம்பர் 28இல் உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியில், வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்ற வதந்தியைக் கிளப்பி முகமது அக்லக் என்ற உழைப்பாளியை அடித்தே கொன்றார்கள். அது வடக்கே, இங்கே அப்படி இல்லை என்று நாம் மார்தட்ட முடியாது. 2019 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டம் பொரவச்சேரியில், மாட்டுக்கறி சூப் சாப்பிடும் படத்தை வெளியிட்டதற்காக ஒரு வாலிபரைத் தாக்கினார்கள். 2022 மே மாதத்தில் ஆம்பூரில் சர்க்கார் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே ஒத்திவைத்தார்கள். மாட்டுக்கறிப் பிரியாணிக்குப் பேர்போன ஊரிலேயே இந்த நிலை!

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே! சமையல் கற்றுக்கொள்வதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஊருக்கு ஊர் உள்ளாட்சி நடத்துகிற சுத்தமான அறுப்புக்கூடம் வேண்டும். அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். ஓடும் தண்ணீரும் கழிவு போக வழியும் வேண்டும். ஈ மொய்க்கும் சாக்கடை ஓரத்தில் கடை போட்டிருக்கிற கசாப்புத் தொழிலாளி அங்கே ஆசைப்பட்டு நிற்கவில்லை. வேறு இடம் யாரும் கொடுக்கவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டு அசுத்தம் என்று சொல்வது பழைய தந்திரம். மற்றக் கடைகளுக்கு உள்ளதுபோல் இவருக்கும் உரிமமும் இடமும் விளக்கும் தண்ணீரும் கேட்போம்.

வாங்குகிறவர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். பொத்தாம்பொதுவாக அரைக்கிலோ போடு என்று கேட்காமல், சப்பையா தொடையா நெஞ்சா என்று பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எதற்கு என்றும் சொல்லுங்கள். வறுவலுக்கா, குழம்புக்கா, உப்புக்கண்டத்துக்கா என்று தெரிந்தால் கசாப்புத் தொழிலாளி அதற்கேற்ற பாகத்தைக் கொடுப்பார். அவருக்கு அந்த வித்தை தெரியும். தராசைப் பாருங்கள். எலும்பும் கறியும் எவ்வளவு என்று பாருங்கள்.

இந்தப் பாகங்களின் பெயர்களையும் அவற்றின் பக்குவத்தையும் நம் பாட்டிமார் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார்கள். அந்த அறிவை யாரும் ஏட்டில் ஏற்றவில்லை. மாறாக, அதை இழிவு என்று சொல்லி வெட்கப்படக் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மதிய உணவு கட்டிக்கொண்டு போகும் நம் பிள்ளை, டப்பாவை மூடியபடி ஓரத்தில் உட்கார்ந்து தின்கிற நிலை ஒழிய வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இந்த விஞ்ஞானத்தைச் சொல்லிக்கொடுங்கள். கழுத்து ஏன் கடினம், வால் ஏன் பசை, சப்பை ஏன் ருசி என்று அவன் தன் சிநேகிதனுக்கு எடுத்துச் சொல்லட்டும். கேட்கிற சிநேகிதன் சாப்பிடாமல் இருக்கலாம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும்.

உழைத்த மாடு தன் கடைசி வரை நமக்குப் பயன்படுகிறது. அதை வீணாக்காமல், நோய் வராமல், பக்குவமாகச் சமைத்து, பகிர்ந்து, தலை நிமிர்ந்து உண்போம். உண்ட பலத்தோடு கூலிக்கும் நிலத்துக்கும் மரியாதைக்கும் நடக்கும் போராட்டத்தில் ஒன்றாக நிற்போம்.

உழைப்பாளி மக்களின் ஒற்றுமை ஓங்குக!